புள்ளியும் ஒழுக்கமும்: அமெரிக்கப் பாடசாலை வாத்தியக் குழுவின் சமூக வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

ஐக்கிய அமெரிக்காவின் நடுநிலைப் பாடசாலைகளிலே, அதாவது பெரும்பாலும் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பாடசாலைகளிலே, பாண்ட் வாத்தியக் குழுவிற் சேரும் மாணவர் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு தாளை வீட்டுக்குக் கொண்டுசெல்வது வழக்கம். மாணவரிடம் எதிர்பார்க்கப்படுபவை எவை, புள்ளிகள் எவ்வாறு வழங்கப்படும் என்பன அதிலே கூறப்பட்டிருக்கும். பெற்றோர் அதில் ஒப்பமிட்டுத் திருப்பி அனுப்புதல் வேண்டும். இத்தகைய தாள்களைப் படிப்போர்க்கு ஒரு விடயம் உடனே புலப்படும். சுருதி, தாளம், நாதத்தின் தரம் என்பவற்றைச் சோதிக்கும் வாசிப்புப் பரீட்சைக்கு அங்கு இடமுண்டு. ஆனால் கருவியைத் தவறாது கொண்டுவருதல், பென்சில் வைத்திருத்தல், ஒத்திகைக்கு நேரத்தோடு வருதல், வீட்டிலே வாரத்துக்கு இத்தனை நிமிடம் பயின்றமைக்குப் பெற்றோரின் ஒப்பம் பெறுதல், மாலைக் கச்சேரிக்குக் குறித்த உடையணிந்து சமுகமளித்தல் ஆகியவற்றுக்கும் புள்ளிகள் உண்டு. இவையும் அவையும் கூட்டப்பட்டுத் தவணை முடிவில் ஒற்றை எழுத்தாகத் தேர்ச்சி அறிக்கையில் இடம்பெறுகின்றன. அவ்வெழுத்து எதனை அளந்தது என்பதை அறிக்கையைப் பார்த்து எவரும் கூறிவிட முடியாது.

இதனைத் தனிப்பட்ட ஆசிரியர்களின் விருப்பு வெறுப்பாகக் கொள்வது தவறு. இசைக்குரிய புள்ளி படிப்படியாக ஒழுக்கத்துக்குரிய புள்ளியாகவும், அதன்வழி மாணவன் வாழும் வீட்டின் வசதிக்குரிய புள்ளியாகவும் மாறியமைக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் முக்கிய கட்டங்களை இங்கு நோக்க முனைகின்றோம். அழகியற் பாடங்களுக்குப் புள்ளியிடுதல் எமது பாடசாலைகளிலும் நடைபெறுவதே. எனினும் ஒப்பியலாய்வு எமது நோக்கமன்று.

அமெரிக்கப் பொதுப் பாடசாலையில் இசை புகுந்தபோது அது வாய்ப்பாட்டாகவே புகுந்தது. 1837 இல் பொஸ்டன் நகரக் கல்விக் குழுவினர் இசையை அறிவு, ஒழுக்கம், உடல் ஆகிய மூன்று அடிப்படைகளில் பரிசீலித்து ஏற்றுக்கொண்டனர். அடுத்த ஆண்டு லோவெல் மேசனின் பொறுப்பில் அது பாடமாயிற்று. இசையைப் பாடசாலைக்குள் அனுமதிப்பதற்கு அதன் இசைத்தன்மை மட்டும் போதாது, ஒழுக்கப் பயனும் காட்டப்படவேண்டும் என்ற நிபந்தனை தொடக்கத்திலேயே விதிக்கப்பட்டுவிட்டமை கவனத்திற் கொள்ளத்தக்கது.

வாத்தியக் குழுவின் ஊற்று வேறிடத்தது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின் பின்னர், படைகளோடு சென்ற ஊதுகருவிக் குழுக்களின் மரபு சிறு நகரங்களிற் பரவிற்று. தொழிலாளரும் கடைக்காரரும் விவசாயிகளும் சேர்ந்து வாசித்த நகரக் குழுக்கள் எங்கும் தோன்றின. 1880 முதல் 1892 வரை கடற்படைக் காலாட்படையின் வாத்தியக் குழுவை நடத்திய ஜோன் பிலிப் சூசா பின்னர் தமது சொந்தக் குழுவுடன் நாடெங்கும் சுற்றிப் பெரும் புகழ் ஈட்டினார். சீருடை, அணிவகுப்பு, தலைவனின் ஒரே சைகைக்கு அனைவரும் கட்டுப்படல் என்ற இராணுவக் கூறுகள் பொழுதுபோக்கின் வடிவிலே பொதுமக்கள் வாழ்வில் வேரூன்றின. இச்சந்தைக்குக் கருவி செய்து கொடுத்தோரில் முதன்மையானவர் இன்டியானா மாநிலத்து எல்க்ஹார்ட் நகரின் சார்ள்ஸ் ஜெராட் கொன். 1870களில் ஊதுவாய் செய்து விற்கத் தொடங்கிய அவர் பெரும் தொழிற்சாலை அதிபரானார். நகர முதல்வராகவும் காங்கிரஸ் உறுப்பினராகவும் விளங்கினார். கருவி விற்பனையும் ஊரதிகாரமும் கைகோத்துச் சென்ற காலம் அது.

இருபதாம் நூற்றாண்டின் முதற் காற்பகுதியில் இச்சந்தை ஆட்டங்கண்டது. கிராமபோன், திரைப்படம், மோட்டார் வண்டி, பின்னர் வானொலி ஆகியன நகரக் குழுவின் இடத்தைப் பறிக்கலாயின. இயந்திர இசையின் ஆபத்துப் பற்றிச் சூசா 1906 இலேயே கட்டுரை எழுதினார். முதலாம் உலகப் போர் முடிந்ததும் படைக் கருவிகளுக்கான கேள்வியும் குறைந்தது. வேலையிழந்த வாத்தியக்காரர் ஒருபுறம், வாங்குவோரில்லாக் கருவிகள் மறுபுறம். இவ்விரண்டுக்கும் விடையாக அமைந்தது பாடசாலை. 1915 இல் கொன் கொம்பனியை வாங்கிய கார்ல் கிறீன்லீவ் போன்றோர் இதனைத் தெளிவாக உணர்ந்திருந்தனர். 1923 இல் கருவி உற்பத்தியாளரின் ஆதரவில் சிக்காகோவிலே பாடசாலை வாத்தியக் குழுக்களுக்கான போட்டி நடத்தப்பட்டது. ஏறத்தாழ முப்பது குழுக்கள் பங்குபற்றின. ஒஹையோவின் பொஸ்டோரியா நகர உயர்தரப் பாடசாலை முதற் பரிசைப் பெற்றது.

தொடர்ந்து வந்த போட்டிகளை இசை ஆசிரியர் அமைப்பும், இசைக்கருவி வணிகத்தின் பணத்தில் இயங்கிய தேசிய இசை மேம்பாட்டுப் பணியகமும் சேர்ந்து ஒழுங்குசெய்தன. 1924 இலிருந்து மாநிலப் போட்டிகளும் 1926 இல் தேசியப் போட்டியும் நடைபெற்றன. போட்டிக்கு வரும் குழுவில் எந்தெந்தக் கருவிகள் எத்தனை இருத்தல் வேண்டும் என்ற நியமமும் வகுக்கப்பட்டது. நியமத்தை எட்டப் பாடசாலைகள் ஓபோவும் பசூனும் பிரெஞ்சுக் கொம்பும் வாங்கவேண்டியிருந்தன. சிறப்பு எது என்பதை வரையறுத்தவரும், அச்சிறப்புக்குத் தேவையான பண்டத்தை விற்றவரும் ஒரே முகாமைச் சேர்ந்தோராயிருந்தனர் எனலாம். 1957 இல் நியூ யோர்க்கில் மேடையேறி 1962 இல் திரைப்படமான 'த மியூசிக் மான்' என்ற இசைநாடகம், அயோவா மாநிலத்துச் சிற்றூர் மக்களுக்கு வாத்தியங்களையும் சீருடைகளையும் விற்கவரும் ஏமாற்றுக்காரனைக் கதைத்தலைவனாகக் கொண்டது. அமெரிக்கர் அதனைச் சிரித்து மகிழ்ந்தே பார்த்தனர். தம் பாடசாலை இசையின் தோற்றத்துக்கும் அந்த விற்பனையாளனுக்கும் உள்ள உறவை அவர்கள் அறியாதவரல்லர் என்றே எமக்குத் தோன்றுகிறது.

போட்டியின் செல்வாக்கு மேடையோடு நின்றுவிடவில்லை. முதலாம், இரண்டாம் இடங்கள் அறிவிப்பதால் விளைந்த கசப்பைத் தணிக்கும்பொருட்டு 1930களின் முற்பகுதியிலே குழுக்களைப் பிரிவுகளாகத் தரப்படுத்தும் முறை வந்தது. ஒரு குழு மற்றொன்றை வெல்லவேண்டியதில்லை. குறித்த நியமத்தை எட்டினாற் போதும். இது முன்னேற்றமே. ஆனால் நியமத்தை எட்டும் சுமை குழுவிலிருந்து ஒவ்வொரு மாணவனின் தோளுக்கும் இறங்கிற்று. வகுப்பறையில் அதன் வடிவம் 'முதற் கதிரை'. ஒரே வாத்தியத்தை வாசிப்போர் திறமை வரிசையில் அமர்த்தப்படுவர். கீழ்க்கதிரையில் இருப்பவன் மேற்கதிரையில் இருப்பவனுக்கு அறைகூவல் விடுத்து, வாசித்து வென்றால் இடம் மாறலாம். ஜோசப் மாடி 1928 இல் மிச்சிகன் மாநிலத்து இன்டர்லொக்கனில் தொடங்கிய கோடைகால இசை முகாமிலே இக்கதிரைப் போட்டி வாராவாரம் நடந்தது. பதினொரு வயதுப் பிள்ளை தன் அருகே இருந்து அதே சுரத்தை ஊதும் தோழியை வெல்லவேண்டியவளாகக் காணப் பழக்கப்படுகின்றாள்.

இங்கொரு முரண்பாடு உண்டு. கூட்டுழைப்புப் பற்றி எழுதுகையில் மார்க்ஸ் 'மூலதனம்' முதற்றொகுதியில் இசைக்குழுவை உதாரணமாகக் காட்டினார். தனி வயலின்காரனுக்கு நெறியாளன் வேண்டியதில்லை, குழுவுக்கு வேண்டும் என்பது அவர் கூற்றின் சாரம். வாத்தியக் குழுவின் விளைபொருள் பிரிக்க முடியாதது. நாற்பது பேர் சேர்ந்து எழுப்பும் ஒலியில் மூன்றாம் கிளாரினெற்காரியின் பங்கு இவ்வளவு என அறுத்தெடுக்க இயலாது. ஆனால் பாடசாலையோ தனித்தனி மாணவருக்குத் தனித்தனி எழுத்தைக் கோருகின்றது. கணக்கிலும் வரலாற்றிலும் இக்கோரிக்கை இத்துணைச் சங்கடம் தருவதில்லை. வாத்தியக் குழுவிலோ கூட்டு விளைவைத் தனியுடைமையாகப் பங்கிடும் சிக்கல் அப்பட்டமாக வெளிப்படுகின்றது.

பாடசாலை ஏன் எழுத்தைக் கோரியது? வாத்தியக் குழு தொடக்கத்தில் பல இடங்களிற் பாடசாலை நேரத்துக்கு வெளியே இயங்கிற்று. அது பாடவேளைக்குள் வந்தபோது பிற பாடங்களுக்கு உரிய கணக்கியலுக்கும் உட்பட்டது. 1906 இல் கார்ணகி நிறுவகம் உயர்தரப் பாடசாலைக் கல்வியை மணித்தியாலத்தால் அளக்கும் அலகொன்றை நிலைநிறுத்தியது. ஒரு பாடத்துக்கு ஆண்டுக்கு 120 மணித்தியாலம் என்பது அதன் அடிப்படை. பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்கும் திட்டத்திலிருந்து பிறந்த இவ்வலகு நாட்டின் கால அட்டவணையையே ஆளலாயிற்று. 1911 இல் பிரெடெரிக் டெய்லரின் விஞ்ஞான முகாமைத்துவ நூல் வெளிவந்ததும் தொழிற்சாலையின் திறன்வழிபாடு பாடசாலை நிருவாகத்தைப் பற்றிக்கொண்டமையை ரேமண்ட் கலகன் 1962 இல் வெளியிட்ட ஆய்வில் விரிவாகக் காட்டியுள்ளார். எழுத்துத் தரமோ 1897 இல் மவுண்ட் ஹோலியோக் கல்லூரியிலே கையாளப்பட்டு, இக்காலத்திற் பாடசாலைகளிலும் பரவிற்று.

அவ்வெழுத்தின் நம்பகத்தன்மை மிக விரைவிலேயே கேள்விக்குள்ளானது. டானியல் ஸ்டார்ச், எட்வட் எலியற் என்ற இருவர் 1912 இல் ஒரே ஆங்கில விடைத்தாளைப் பல பாடசாலை ஆசிரியரிடம் அனுப்பிப் புள்ளியிடச் செய்தனர். ஒரு தாளுக்கு 64 முதல் 98 வரையும் மற்றொன்றுக்கு 50 முதல் 97 வரையும் புள்ளிகள் கிடைத்தன. கேத்திரகணிதத்தில் நிலைமை திருந்தும் என எதிர்பார்த்தோர்க்கு அடுத்த ஆண்டு ஏமாற்றமே காத்திருந்தது. அங்கு வேறுபாடு 28 இலிருந்து 95 வரை சென்றது. கேத்திரகணிதத்தின் கதியே இதுவாயின், பன்னிரண்டு வயதுப் பையன் ட்ரம்பெற்றில் எழுப்பும் நாதத்துக்கு எழுபதா எண்பதா என்று கூறத் துணிவது எங்ஙனம்?

இக்கேள்விக்கு இரு விடைகள் தேடப்பட்டன. ஒன்று, உளவியலின் விடை. அயோவாப் பல்கலைக்கழகத்துக் கார்ல் சீஷோர் 1919 இல் இசைத்திறன் அளவைகளை வெளியிட்டார். கிராமபோன் தட்டு ஒலிக்க, இரு சுரங்களில் எது உயர்ந்தது, எது நீண்டது என மாணவர் குறிக்கவேண்டும். இசைத்திறன் பிறப்பிலே அமைந்தது, அதனைப் பகுத்தளக்கலாம் என்பது அவர் நிலைப்பாடு. ஜேம்ஸ் மேர்சல் போன்றோர் இதனைக் கடுமையாக மறுத்தனர். இசையைத் துண்டு துண்டாக்கிய பின் எஞ்சுவது இசையன்று என்பது அவர்கள் வாதம். எமக்கும் அதுவே உடன்பாடு.

மற்றைய விடைக்கு ஆய்வாளரின் பெயரெதுவுமில்லை. அது நாடெங்கும் வகுப்பறைகளில் ஆரவாரமின்றி உருவானது. நாதத்தை அளப்பது கடினம். வருகையை அளப்பது எளிது. பொருள்வெளிப்பாட்டைப் பற்றிப் பெற்றோர் வாதிடலாம். கருவியைக் கொண்டுவரவில்லை என்பதில் வாதிட ஒன்றுமில்லை. ஐம்பது அறுபது பேரைக் கொண்ட வகுப்பிலே ஒவ்வொருவரையும் தனித்துக் கேட்க ஆசிரியருக்கு நேரமுமில்லை. ஆகவே புறவயமான அளவையைத் தேடிய முயற்சி, இசைக்கு வெளியே கிடந்த எண்ணத்தக்கவற்றைப் பொறுக்கியெடுத்தது. பொஸ்டன் குழுவினர் ஒழுக்கம் என்ற பெயரில் இட்ட நிபந்தனையும், இராணுவக் குழுவிலிருந்து வந்த கட்டுப்பாடும், தொழிற்சாலையின் நேரக்கணிப்பும் புள்ளிப் புத்தகத்தின் ஒரே நிரலிற் சந்தித்துக்கொண்டன. சாமுவேல் பௌல்ஸ், ஹேர்பேட் கின்டிஸ் ஆகியோர் 1976 இல் வெளியிட்ட நூலிலே, பாடசாலையின் சமூக உறவுகள் வேலைத்தலத்தின் உறவுகளை ஒத்திருப்பதாக வாதிட்டனர். நேரந்தவறாமை, கீழ்ப்படிவு, வேறொருவர் தரும் வெகுமதிக்காக உழைத்தல் ஆகியவற்றைப் பாடசாலை பயிற்றுவிக்கின்றது என்பது அவர்தம் கருத்து. அவர்களது ஆய்வு வாத்தியக் குழுவைப் பற்றியதன்று. ஆயினும் அவர்கள் கூற்றுக்கு இதனினும் பொருத்தமான சான்று கிடைத்தல் அரிது.

இனி நடுநிலைப் பாடசாலைக்கு வருவோம். 1909 இல் ஒஹையோவின் கொலம்பஸ் நகரில் இன்டியனோலா என்ற கனிஷ்ட உயர்தரப் பாடசாலை தொடங்கியது முதல் பன்னிரண்டு வயதையொட்டிய மாணவருக்கெனத் தனி நிலையம் அமைப்பது வழக்கமாயிற்று. 1963 இல் வில்லியம் அலெக்சாந்தர் இப்பாடசாலைகள் உயர்தரப் பாடசாலையின் சிறு பிரதியாகிவிட்டன என விமர்சித்து, வளரிளம் பருவத்துக்கு உகந்த நடுநிலைப் பாடசாலை என்ற கருத்தை முன்வைத்தார். பிள்ளை பலவற்றை முயன்று பார்ப்பதற்கான இடம் அது. ஆனால் வாத்தியக் குழுவைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உயர்தரப் பாடசாலைக் குழுவுக்கு ஆள் தயாரிக்கும் நாற்றுமேடையாகவே இருந்துவந்துள்ளது.

இவ்வயதிலேதான் வகுப்பு வேறுபாடு மிகக் கூர்மையாகத் தொழிற்படுகின்றது. தூபா போன்ற பெருங்கருவிகளைப் பாடசாலையே வைத்திருப்பது வழக்கம். புல்லாங்குழல், கிளாரினெற், ட்ரம்பெற் ஆகியவற்றைக் குடும்பமே கடையில் மாத வாடகைக்கு எடுக்கவேண்டியிருப்பது பெருவழக்கு. கிளாரினெற்றின் சீவாளி எமது நாதஸ்வரச் சீவாளியைப் போலவே தேய்வது, பிளப்பது. திரும்பத் திரும்ப வாங்கவேண்டியது. இக்கருவிகளை ஆக்குவோரின் நிலையையும் இங்கு மறத்தலாகாது. எல்க்ஹார்ட்டில் வின்சென்ற் பாக் தொழிற்சாலையின் இருநூறுக்கு மேற்பட்ட தொழிலாளர் 2006 இல் தொடங்கிய வேலைநிறுத்தம் மூன்றாண்டு நீடித்து, 2009 இல் தொழிற்சங்கம் தன் அங்கீகாரத்தை இழந்ததோடு முடிந்தது. பாடசாலைப் பிள்ளையின் கைக்கு வரும் பித்தளைக்குள் அவ்வுழைப்பும் அடங்கியுள்ளது.

வாடகையைவிட நுண்மையானது பயிற்சித் தாள். வீட்டில் இன்ன நாள் இத்தனை நிமிடம் வாசித்தேன் என மாணவர் எழுதிப் பெற்றோரிடம் ஒப்பம் பெறுவர். மேலோட்டமாக நோக்கின் இது அனைவருக்கும் சமமான விதி. இரவு வேலைக்குச் செல்லும் தாய், சுவருக்கு அப்பால் அயலவர் உறங்கும் அடுக்குமாடி வீடு, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஆகியவை தாளிற் பதியப்படுவதில்லை. தனிப்பட்ட பாடம் பெறும் பிள்ளைக்கு முப்பது நிமிடம் என்பது வழிகாட்டப்பட்ட முப்பது நிமிடம். மற்றப் பிள்ளைக்கு அது பிழையை ஆழப் பதிக்கும் முப்பது நிமிடமாகவும் அமையலாம். 'கோதா வேலைத்திட்ட விமர்சன'த்தில் (1875) மார்க்ஸ், சமமற்ற மனிதர்மீது ஒரே அளவுகோலைப் பிரயோகிக்கும் உரிமை உள்ளடக்கத்தில் சமமின்மையின் உரிமையே எனச் சுட்டினார். பயிற்சித் தாள் அக்கூற்றுக்கு ஒரு வாழும் உரையாக உள்ளது. பொய்யொப்பம் இடும் பெற்றோர் பலர் என்பதை ஆசிரியரும் அறிவர், மாணவரும் அறிவர். நேர்மையை வளர்க்க ஏற்பட்ட முறை, நேர்மையாகக் குறைந்த நிமிடம் எழுதும் பிள்ளையையே தண்டிக்கின்றது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. எதிர்பார்ப்பு என்பதே ஒடுக்குமுறை, ஆகவே புள்ளியையும் கண்டிப்பையும் ஒழித்துவிட்டால் விடுதலை கிட்டும் என்ற முடிவுக்கு எம்மிற் சிலர் அவசரமாக வருவதுண்டு. சிக்காகோவின் தென்பகுதியில் நிகழ்ந்தது அதற்கு மாறானது. கறுப்பின மக்கள் நெருக்கி வாழ்ந்த அப்பகுதியில், 1930களின் தொடக்கத்தில் வெண்டெல் பிலிப்ஸ் உயர்தரப் பாடசாலையிலும் பின்னர் டுசாபிள் உயர்தரப் பாடசாலையிலும் வாத்தியக் குழுவைப் பயிற்றியவர் கப்டன் வோல்ட்டர் டயெற். அவரது கண்டிப்புப் பெயர்பெற்றது. தவறான சுரத்தை அவர் காது தப்பவிடாது, ஒழுங்கற்றவன் வெளியேற்றப்படுவான். நற் கிங் கோல், ஜீன் அமன்ஸ், ஜோனி கிரிபின், டைனா வாஷிங்டன் முதலியோர் அவரிடம் பயின்றவர்கள்.

டயெற்றின் கண்டிப்புக்கும் பயிற்சித் தாளின் கண்டிப்புக்கும் வேறுபாடு எங்குள்ளது? 'ஹை ஜிங்ஸ்' என்ற பெயரில் மாணவரைக் கொண்டே ஆண்டுதோறும் மேடைநிகழ்ச்சி நடத்தித் திரட்டிய பணம் இசைத் திட்டத்துக்குப் பயன்பட்டது. எதிர்பார்ப்பை விதித்தவரே அதனை நிறைவேற்றும் சாதனங்களையும் தேடித்தந்தார். பயிற்சியின் பெரும்பகுதி பாடசாலையிலே, அவரது காதுக்கு முன்னே நிகழ்ந்தது. மேலும், அவர் கேட்ட தரம் ஒரு தொழிலின் தரம். சிக்காகோவில் வாத்தியக்காரர் சங்கம் நிற அடிப்படையிற் பிளவுண்டிருந்தது. வெள்ளையருக்குப் பத்தாம் இலக்கக் கிளை, கறுப்பினத்தவருக்கு 1902 இல் அமைந்த 208 ஆம் இலக்கக் கிளை. 1966 இலேதான் இரண்டும் இணைந்தன. அத்தகைய சூழலிலே நுட்பமாக வாசிக்கத் தெரிதல் உழைத்துண்ணும் வழி. சுதந்திரமான உழைப்பு வெறும் விளையாட்டாகிவிடும் என்ற பூரியேயின் கருத்தை மறுத்த மார்க்ஸ், இசையாக்கம் போன்ற உழைப்பு எத்துணைக் கடுமையானது என்பதை 'குருண்ட்றிச'வில் வலியுறுத்தியதும் இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. கடுமை இசையின் உள்ளிருந்து பிறக்கும்போது ஒன்று. வருகைப் பதிவேட்டிலிருந்து பிறக்கும்போது வேறொன்று. டுசாபிள் உயர்தரப் பாடசாலை என்பதும், அங்கு சேர்ந்தோர் ஓரளவேனும் தேர்ந்து வந்தவர் என்பதும் உண்மையே. அதனை அப்படியே ஆறாம் வகுப்புக்குப் பொருத்திவிடவும் இயலாது.

1984 ஆம் ஆண்டில் இப்பிரச்சினை சட்டத்தின் முன் இருவேறு திசைகளிலிருந்து வந்தது. டெக்சாஸ் மாநிலம் நிறைவேற்றிய கல்விச் சீர்திருத்தச் சட்டம், எந்தவொரு பாடத்திலேனும் 70 புள்ளிக்குக் குறைவாகப் பெறும் மாணவர் பாடசாலையின் புறநிலைப் போட்டிகளிற் பங்குபற்றலாகாது என்றது. உதைபந்தாட்டத்தை மனத்திற் கொண்டு பேசப்பட்ட இவ்விதி வாத்தியக் குழுவையும் தாக்கிற்று. கணிதத்தில் 69 பெற்ற ஒரே ஓபோக்காரன் விலக்கப்பட்டால் குழுவின் இசையே ஊனமுறும். தனியாளுக்கு இட்ட புள்ளி கூட்டு விளைவை எங்ஙனம் சிதைக்கும் என்பதற்கு இதனிலும் வெளிப்படையான உதாரணம் தேவையில்லை.

அதே ஆண்டில் கலிபோர்னிய உயர் நீதிமன்றம் ஹாட்செல் எதிர் கொனெல் என்ற வழக்கிலே தீர்ப்பு வழங்கியது. 1978 இல் நிறைவேறிய 13 ஆம் பிரேரணை சொத்துவரியைக் கட்டுப்படுத்தியதும் அம்மாநிலப் பாடசாலைகளின் வருமானம் சுருங்கிற்று. சாண்டா பார்பரா கல்வி மாவட்டம் விளையாட்டு, நாடகம், இசைக் குழு ஆகியவற்றிற் சேரக் கட்டணம் அறவிடத் தொடங்கியது. வறியோர்க்குக் கட்டண விலக்கு உண்டு என மாவட்டம் வாதிட்டும் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. இச்செயற்பாடுகள் கல்வியின் பகுதி, இலவசக் கல்வி என்பது குடும்பத்தின் செலுத்தும் ஆற்றலைப் பொறுத்ததன்று என அது தீர்த்தது. 2012 இல் இயற்றப்பட்ட சட்டம் முறைப்பாட்டு வழிகளை வகுத்து இதனை மேலும் வலுப்படுத்தியது. ஆசிரியர், பெற்றோர், சிவில் உரிமை இயக்கத்தினர் போராடிப் பெற்ற இவ்வெற்றியைக் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும் தீர்ப்பு கட்டணத்தைப் பற்றியது. பெற்றோர் ஒப்பம் வேண்டும் பயிற்சித் தாள் அதன் எல்லைக்குள் வரவில்லை. மாலை ஏழு மணிக் கச்சேரிக்குப் பிள்ளையை அழைத்துவருவதற்காக வேலைத்தலத்தில் விடுப்புக் கேட்ட தாய் இழந்த அரைநாட் கூலியும் அவ்வாறே.